தனிக்கூண்டு எலிகளும் சைனம்புவும்

பூந்தமல்லி சைனம்புவுக்கு எலி என்றாலே அருவருப்பு. ஆனால் பாரிவாக்கத்து ஆராய்ச்சிக்கூடத்தில் கிடைத்த வேலையோ எலிகளுக்குத் தீனி வைப்பதும் கூண்டு கழுவுவதும்தான். பாழாய்ப்போன வயிறு ஒன்று இருக்கிறதே, அது அருவருப்பை ஒரே வாரத்தில் விழுங்கிவிட்டது.

அங்கே டாக்டர் வர்ஷா செய்த ஆராய்ச்சி, மூளைக்கும் உடம்பின் எதிர்ப்பு சக்திக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. தனிமையில் தவிக்கும் உயிருக்குப் புண் ஆறுமா, ஆறாதா? அதைப் பார்க்க, வெள்ளைச் சுண்டெலிகளை மயக்கி முதுகில் சின்னதாக ஒரு காயம் உண்டாக்கினார். பாதியைக் கூட்டமாகவும் மீதியை ஒற்றை ஒற்றையாகவும் அடைத்தார்.

"பாவமாக் கீது மேடம். தனியாக் கீறதுங்கள எப்போ மத்ததுங்களோட சேப்பீங்கோ?"

"புண்ணை அளந்து முடிச்சதும் சேர்த்துடுவோம் சைனம்பும்மா. எதையும் கொல்லப் போறதில்லை."

அந்த நாளுக்காகத்தான் சைனம்பு காத்திருந்தாள். தனியாகக் கிடப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். புருஷன் பஷீர் அகமது லாரியில் அடிபட்டு மௌத்தானபின், நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் ஓர் அறையில், கைம்பெண்ணுக்கான இத்தா இருந்தாள். எட்டிப்பார்த்துப் பேச ஒரு நாதியில்லை. இடுப்பைச் சுற்றி அக்கி வந்து நெருப்பாய் எரிந்தது. செங்காவி பூசி அக்கி எழுதுகிற குயவர் அடுத்த தெருவில்தான் இருந்தார், ஆஸ்பத்திரியும் தூரமில்லை. "இத்தா முடியட்டும்" என்றாள் மாமியார். வைத்தியத்துக்குப் போக மார்க்கத்தில் தடையில்லை, அந்த மகராசிதான் தடை. புண் காய்வதற்குள் சைனம்பு பாதியாகிவிட்டாள்.

தனிக்கூண்டு எலிகளைக் கையால் தொடக்கூடாது, கிண்ணத்தால்தான் அள்ளி மாற்ற வேண்டும் என்பது அங்கே விதி. அது சுத்தத்துக்காக என்றே சைனம்பு நினைத்தாள். ஏன் என்று எவரும் சொல்லவில்லை, எலிக்குத் தீனி போடுகிறவளுக்கு யார் விளக்கம் சொல்வார்கள்? அதனால் முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, ஒவ்வொன்றாய் உள்ளங்கையில் எடுத்தாள். விரலால் நெற்றியை வருடினாள். "இன்னாடி கண்ணு, துன்னியா? இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் உன் கூட்டாளிங்களோட போய்டுவே" என்றாள். முதலில் நடுங்கியவை, போகப்போகக் கூண்டு திறந்ததுமே ஓடிவந்து கையில் ஏறின.

அளக்கும் நாள் வந்தது. தனிக்கூண்டு எலிகளின் புண்ணும் கூட்டத்து எலிகளின் புண்ணைப் போலவே ஆறியிருந்தது. சைனம்புவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வர்ஷாவோ மூஞ்சி செத்துப்போய், கூண்டுகளுக்கு மேலிருந்த கேமராவில் பதிந்ததை ஓட்டிப்பார்த்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு விஷயம் சொல்லவா? நான் நினைச்சது சரின்னு நீங்க காட்டிட்டீங்க. துணை இருந்தா புண் ஆறுது. ஆனா இதை வெச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. இதுங்க தனியாவே இல்லையே."

"அப்போ சேத்துடலாமா மேடம்?"

"எதைச் சேர்க்கிறது? மொத்தமும் கெட்டுப்போச்சு. புதுசா ஆரம்பிக்கணும், கூண்டு காலியாகணும். நீங்க தொடாம இருந்திருந்தா எல்லாம் பிழைச்சிருக்கும்."

குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். காலில் விழப்போனவளை வர்ஷா தடுத்தார், வேலையை விட்டு நிறுத்தமாட்டேன் என்று ஆறுதல் வேறு சொன்னார். பிறகு எலிகளைக் கொல்லக் கேஸ் நிரப்பும் பெட்டியைக் காட்டினார்.

"நீங்களே எடுத்துப் போடுங்க. வேற ஆள் பிடிச்சா மிரளும், கடிக்கும். உங்க கைன்னா பயப்படாது."

பயப்படத்தான் இல்லை, பாவப்பட்ட பிறவிகள். கூண்டு மூடியைத் திறந்ததும் ஒவ்வொன்றும் அவள் கைக்குத் தானே ஓடிவந்தது. ஒன்று மணிக்கட்டுவரை ஏறி, வருடச் சொல்லி நெற்றியை நீட்டியது. அவள் வருடினாள். அப்படியே கொண்டுபோய்ப் பெட்டியில் இறக்கினாள். எல்லாம் உள்ளே ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றையொன்று மோந்து பார்த்துக்கொண்டன. வர்ஷா குழாயைத் திருகினார்.

அடுத்த வாரம் புது எலிகள் வந்தன. முதுகில் புதுப் புண். தனிக்கூண்டு ஒன்றில் ஒரு குட்டி, கம்பியருகே வந்து சைனம்புவைப் பார்த்து மூக்கைத் தூக்கியது. அவள் கையுறை போட்ட கையால் கிண்ணத்தை எடுத்தாள். அதை அள்ளி மாற்றினாள். ஒரு வார்த்தை பேசாமல் மூடியைச் சாத்தினாள்.