கஹிகினாவின் மூத்த பிள்ளை

கோடை வந்தால் ஹாலவா பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாகக் கூடுவோம். ஒரு வாரத்துக்கு ஹவாய் மொழி மட்டும்தான். வாய் தவறி இங்கிலீஷ் பேசினால் என்னோடு சேர்ந்து பாத்திரம் கழுவ வேண்டும். சமையல் என் பொறுப்பு என்பதால் அந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

சேம்பு வயலில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள் கஹிகினா. பள்ளிக்கூடத்தில் எங்கள் மொழி கற்பிக்கிறவள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் உண்டானாள். வயிற்றுப் பிள்ளையிடம் எங்கள் மொழியில்தான் பேசுவாள். புருஷன் கேயாவே மறந்துபோய் போனில் இங்கிலீஷ் பேசினால், "பிள்ளை காதுல விழுது, வெளியே போ" என்று வயிற்றைப் பொத்திக்கொண்டு துரத்துவாள். ஏப்ரலில் பிள்ளை பிறந்தது. உயிர் இல்லை.

ஜூனில் இருவரும் முகாமுக்கு வந்துவிட்டார்கள். கேயாவே நேராகத் தலைவர் ஹோகு மாமாவிடம் போய், "இந்த வருஷம் ஹாலோவா கதை வேண்டாம் மாமா, அவ தாங்கமாட்டா" என்று கெஞ்சினான். நியாயம்தான். அந்தக் கதையில் வானத்தப்பனின் முதல் பிள்ளை ஹாலோவா இறந்தே பிறக்கிறான். புதைத்த இடத்தில் சேம்பாக முளைக்கிறான். அவனுக்குப் பின் பிறந்த தம்பிதான் மனிதன். அதனால் சேம்பு எங்களுக்கு அண்ணன். சேம்புக்கூழ்ச் சட்டி திறந்திருந்தால் அண்ணன் கூடவே உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். அவன் எதிரில் சண்டை கூடாது.

அன்று சாப்பிடும்போது ஹோகு மாமா பொதுவாகச் சொன்னார்: "நாளைக்குக் கதை இல்ல. நேரா நடவுதான்."

கஹிகினா புருஷனைப் பார்த்தாள். எழுந்தாள். கூழ்ச் சட்டியை மூடினாள்.

"நீதானே சொன்னே?"

"உனக்காகத்தான்..." என்றான் கேயாவே.

"எனக்காக. வந்ததிலேருந்து எல்லாரும் 'நீ எப்படி இருக்கே'ன்னு என்னைத்தான் கேக்கிறீங்க. அவன் பேரு என்னன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? செத்துப் பொறந்தவனுக்கும் மரியாதை இருக்குன்னு சொல்ற ஒரே கதை அது. அதையும் பிடுங்கிட்டா அவனை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?"

ஹோகு மாமா தலை குனிந்தார். கேயாவே அழுதான். அவள் மூடியை எடுத்து வைத்து, "சாப்பிடுங்க, ஆறுது" என்றாள்.

மறுநாள் சேற்றில் நின்று முழுக் கதையும் சொன்னாள். தாய் அழுகிற இடத்தில் குரல் உடைந்தது. வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு தொடர்ந்தாள். கடைசியில், "என் மூத்தவன் பேரு மலுஹியா. அவனும் இப்படித்தான்" என்றாள்.

நண்டுமாதிரி ஒரு சின்னப் பெண் கேட்டது: "அப்போ அவன் தம்பி எங்கே அத்தை?"

அதன் அம்மா வாயைப் பொத்தப் போனாள். கஹிகினா தடுத்துவிட்டாள். "இன்னும் வரலடி கண்ணு."

வரவே இல்லை. எத்தனையோ கோடைகள் போய்விட்டன. வருடா வருடம் ஏதாவது ஒரு குழந்தை அதே கேள்வியைக் கேட்கும். அவளும் அதே பதிலைச் சொல்வாள். அப்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் கேயாவே சட்டென்று குனிந்து ஒரு கன்றை ஊன்றுவான். கேட்கக் கேட்க எனக்குப் பாவமாகவும் இருக்கும், கோபமாகவும் இருக்கும். யார் மேல் கோபம் என்றுதான் தெரியாது.

போன வருடமும் ஒரு குழந்தை கேட்டது. அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. கேயாவேயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவனுக்குத் தம்பி கிடையாது. அவன் ஒருத்தன்தான்" என்றாள்.

கேயாவே குனியவில்லை. கையில் கன்றோடு அப்படியே நின்றான்.

நடவு முடிந்து வந்தார்கள். நான் கூழ்ச் சட்டியைத் திறந்து வைத்தேன். இருவரும் அதன் ஒரே பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.