பின்பக்கத்துப் பள்ளம்

பேய்க் கதைன்னு யாராவது ஆரம்பிச்சாலே எழுந்து போய் பாத்திரம் தேய்க்கிற ஆளு நான். என் சந்தேகமெல்லாம் மனுஷங்க மேலதான், ஆட்டோக்காரர் மேல, பால்காரர் மேல, ஏன், எங்க வீட்டுக்காரர் மேலகூட. அதனாலதான் சொல்றேன், நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க.

இவருக்கு பேங்க்ல கொல்கத்தாவுக்கு மாத்தலாகி, லேக் கார்டன்ஸ்ல கீழ்வீடு எடுத்தோம். பின்பக்கம் மதில் கட்டின சின்ன இடம், மேடும் பள்ளமுமா கிடந்துச்சு. நடுவுல இருந்த பள்ளத்துல மழை பெஞ்சா தண்ணி தேங்கி கொசு மொய்க்கும். வந்த வருஷமே இவருக்கு டெங்கு, பொழைச்சு வந்ததே பெரும்பாடு. எங்க மூணு வயசுப் பொண்ணு மீனுவுக்கும் வந்துடுமோன்னு எனக்கு உயிரே போச்சு. வேன் ரிக்‌ஷாவுல மணல் வரவழைச்சு, நானும் இவருமா கொட்டி, கட்டையால இழுத்து, தண்ணி தெளிச்சு மிதிச்சு சமம் பண்ணோம்.

மறுநாள் பார்த்தா பள்ளம் அப்படியே இருக்கு. "புது மணல், அமுங்கத்தான் செய்யும்"ன்னார் இவர். திரும்பக் கொட்டினோம், திரும்பப் பள்ளம். இவர் கடப்பாரையால குத்திப் பார்த்தார், அடியில கெட்டி மண்ணு. எனக்கு பக்கத்துல ஃப்ளாட் கட்டுற மேஸ்திரி மேலதான் கண்ணு. மதிலேறிக் குதிச்சு அள்ளிட்டுப் போறியான்னு நேராவே கேட்டுட்டேன். அவன் வாசல்ல மலையா கிடந்த மணலைக் காட்டி, "உங்க நாலு கூடை மணலை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன், தீதி?"ன்னான். பதில் அவ்வளவு சரியா இருந்ததாலயே எனக்கு சந்தேகம் கூடுச்சு.

விடுவேனா? மூணாவது தடவையும் நிரப்பி, பள்ளம் இருந்த இடத்துல ஒரு புள்ளிக் கோலம் போட்டேன். எவன் கை வெச்சாலும் கோலம் கலைஞ்சு காட்டிக் கொடுத்துடும்ல. நல்ல பட்டப்பகல். சமையல்கட்டு வாசல்லயே முறத்தை வெச்சுகிட்டு கீரை ஆய்ஞ்சுட்டு உக்கார்ந்திருந்தேன். பால் பொங்குற வாசனை வந்துச்சு, உள்ள போய் அடுப்பை அணைச்சுட்டு வந்தேன், அவ்வளவுதான்.

கோலம் ஒரு சாண் கீழ கிடந்துச்சு. சத்தியமா சொல்றேன், ஒரு புள்ளி நகரல, ஒரு இழை அறுபடல, சுத்தி ஒரு காலடித் தடம் கிடையாது. மணல் மட்டும் அடியில எங்கயோ போயிருக்கு.

நான் வாயைப் பொளந்துகிட்டு நிக்கிறப்பவே மீனு என்னைத் தாண்டி ஓடி, அதுல இறங்கி, முழங்காலை மடக்கி ஒருக்களிச்சுப் படுத்துட்டா. தலைக்கு, முதுகுக்கு, குதிகாலுக்கு, டெய்லர் அளவெடுத்த மாதிரி பொருந்துச்சு. "ஏய், எழுந்திருடி!"ன்னு கத்தி வாரித் தூக்கினேன். "எனக்குத்தாம்மா செஞ்சிருக்கு"ங்கிறா. யாரு செஞ்சான்னு கேட்க எனக்கு தைரியம் வரல.

அந்த மாசமே வீட்டை மாத்தினோம். இப்ப மூணாவது மாடி, மண்ணே கிடையாது. மீனு அதுல படுத்ததை வெளியில யார்கிட்டயும் நான் மூச்சு விடல.

பழைய வீட்டுக்காரம்மா மாடியிலதான் இருந்தாங்க, பௌதின்னு, அதாவது அண்ணின்னு கூப்பிடுவேன், துர்கா பூஜை வந்தா இன்னும் ஃபோன் பண்ணுவாங்க. நாலு வருஷம் கழிச்சு இந்தத் தடவை பேசுறப்போ, புதுசா குடி வந்தவங்களும் மணல் கொட்டிக் கொட்டிப் பார்க்கிறாங்க, நிக்கவே மாட்டேங்குதுன்னாங்க. "நீ இருந்தப்போ சின்னதாத்தானே இருந்துச்சு? இப்ப ஒரு சாண் நீண்டிருக்கு."

மடியில மீனுவோட ஸ்கூல் பாவாடை. குட்டையாயிடுச்சுன்னு மடிப்பைப் பிரிச்சு விட்டுட்டிருந்தேன்.