தோலால் கட்டிய கோட்டை

வேலூர்க் கோட்டையை நாங்கள் தோலில் கட்டினோம். வேறு எதில் கட்டுவது? ஆம்பூர்த் தெருவில் நடந்தால் காலில் இடறுவது தோல்தான். ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சிய விளிம்பு, சுருள், துண்டு, தூள். எங்கள் பொம்மைப் படைகள் நிற்கும் புல்வெளி, தோலைத் தேய்க்கும் இயந்திரத்தின் அடியில் குவிகிற தூள். எங்கள் பாலாறு, பளபளப்பு ஏற்றிய கறுப்புத் தோலின் நீளமான கிழிசல். ஆறு ஏன் கறுப்பாக இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஆம்பூருக்கு விடுமுறை. தொழுகை முடிந்து, பிரியாணி இறங்கி, ஊர் கண் செருகும் பிற்பகலில், ஷூ அடிப்பாகம் விற்கும் கடையின் மாடியறையில் எங்கள் சங்கம் கூடும். விரல் உயரத்துக்கு உலோகச் சிப்பாய்கள், நாங்களே வண்ணம் தீட்டியவர்கள். எப்போதோ நடந்து முடிந்த ஒரு போரை எடுத்துக்கொள்வோம். யார் எங்கே நின்றார்கள், துப்பாக்கி எவ்வளவு தூரம் சுட்டது, எப்போது பயந்து ஓடினார்கள் என்று படித்து விதிகள் எழுதுவோம். மேசைமேல் அந்தக் களத்தை விரித்து, டேப்பால் அளந்து படையை நகர்த்தி, பகடை உருட்டி, அதே போரை மறுபடி நடத்துவோம். வரலாறு ஒரு பக்கமாக விழுந்துவிட்டது, மறுபக்கமாக விழுந்திருக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்க்கும் அரிப்பு. நாற்பதைத் தாண்டிய பொம்பளைக்கு இது என்ன பொம்மை விளையாட்டு என்று வீட்டில் கேட்டார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தவறாமல் வருவது மூன்று பேர். நான், ஷூ தொழிற்சாலையில் ஏற்றுமதிக் காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறவள். பாய், தோல் தொழிற்சாலையில் வண்ணம் பூசும் பிரிவின் சூப்பர்வைசர். மூன்றாமவர் அணைக்கட்டுப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிற, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கொடுக்கும் கடைக்காரர். சண்டை போடுவதைவிட, சண்டைக்கு நடுவராக இருப்பதில்தான் அவருக்கு ருசி.

எங்களுக்கென்று ஒரு போர் உண்டு. ஆயிரத்து எண்ணூற்று ஆறில் வேலூர்க் கோட்டைக்குள் நடந்தது. புதுத் தலைப்பாகை கட்டு, அதில் தோல் சின்னம் குத்து, நெற்றிக் குறியை அழி, தாடியை வழி என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான். சிப்பாய்கள் விடியும் முன்னே கோட்டையைப் பிடித்துக்கொண்டு மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்தது. வாசல் உடைந்தது. அதன்பின் சுவரோரம் நிற்க வைத்துச் சுட்டதை நாங்கள் மேசையில் நடத்துவதில்லை. வாசல் உடைந்தால் ஆட்டம் முடிந்தது.

சிப்பாய்ப் படை எப்போதும் பாய்க்குத்தான். ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் கோட்டையைக் காத்ததில்லை. விதிகளில் வஞ்சகம் இல்லை, இரண்டு பக்கமும் ஜெயிக்கும்படிதான் எழுதியிருந்தோம். பகடைக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை.

"ஒரே ஒரு தபா தங்கச்சி," என்பார், தோற்ற சிப்பாய்களைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் படுக்கவைத்தபடி. "பொழுது ஏறினப்புறமும் கொடி மேலயே இருக்கணும். அத நான் கண்ணால பாக்கணும். அப்புறம் இந்த பொம்மைங்கள யாருக்கு வேணா குடுத்துடறேன்."

அந்தப் போருக்கென்று ஒரு வழக்கமும் வைத்திருந்தோம். ஆற்காட்டுப் படைக்கு ஆடுகிறவர் அறைக்குள் இருக்கக் கூடாது. ஆற்காட்டில் இருக்கிறவனுக்கு வேலூர்க் கோட்டைக்குள் நடப்பது எப்படித் தெரியும்? மாடிப்படியில் டீயோடு உட்கார வேண்டும். உள்ளே பகடை விழுந்து, செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாக ஆனதும் நடுவர் கதவைத் திறந்து "ஆற்காடு!" என்று கத்துவார். அப்போதுதான் எழுந்து வந்து மேசையைப் பார்க்கலாம். பெரும்பாலும் அந்தப் படியில் உட்கார்வது நான். வெயில் படிப்படியாக இறங்கி வந்து என் காலைத் தொடும். உள்ளே ஒரு கோட்டை விழுகிற, எழுகிற சத்தம். என் நல்ல பிற்பகல்கள் சில அங்கேதான் இருக்கின்றன.

சென்ற மழைக்காலத்தில் பெரிய ஊர்களின் சங்கங்கள் சேர்ந்து வேலூரில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கோட்டை இருக்கிற ஊர் என்பதற்காகவே வேலூர். உள்ளூர் ஆட்கள், உள்ளூர்ப் போர், அவசியம் வர வேண்டும் என்று எங்களையும் அழைத்தார்கள். பாய் மதில்களைப் புதிதாகச் செய்தார். கடுக்காயில் பதனிட்ட தோலை நனைத்து, சிறு கற்களின் மேல் வைத்து அழுத்தி, கல் கல்லாக வரி தெரியும்படி எடுத்தார். காய்ந்துவிட்டால் மரம் மாதிரி நிற்கும். காயவில்லை, மழை. ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் சுற்றி வேனில் ஏற்றினோம். ஈரத்தோலை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்களுக்கும் தெரியும். எங்கள் மூக்குக்குத்தான் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றையே குடித்தவர்களுக்கு, வாடை என்பது பஸ்ஸில் போகும் வெளியூர்க்காரர்கள் சொல்லும் ஒரு வார்த்தை.

காட்பாடி போகும் சாலையில் ஓர் ஓட்டல் மண்டபம். ஏசி. ஜன்னல்களைத் திறக்க முடியாது. வரிசையாக மேசைகள், அவற்றின்மேல் ரோமானியர்கள், பாலைவனத்து டாங்கிகள், பனியில் சாகும் பிரெஞ்சுக்காரர்கள். எல்லாம் கச்சிதம், எல்லாம் கடைச்சரக்கு. எங்கள் கோட்டைமுன் சிலர் நின்றார்கள். ஒருவர் மதிலைத் தடவி, "சூப்பரா இருக்கே, என்ன மெட்டீரியல் சார்?" என்றார்.

"தோல் சார்," என்றார் பாய், மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணைப் பற்றிச் சொல்வது போல.

அவர் கையை எடுத்துக்கொண்டார். விரல்களைப் பேண்ட்டில் துடைத்தார். நான் பார்த்தேன். பாய் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. வழக்கப்படி நான் வெளியேறினேன். ஓட்டல் முகப்பின் படியில் டீயோடு உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. ஆற்காடு என்னிடம் இருந்தது, வேலூர் அவர்களிடம் இருந்தது. வழக்கத்தைவிட நேரமாயிற்று. பாய்க்கு நல்ல காலம்தான் என்று எதிராளியாக இருந்தும் எனக்குச் சந்தோஷம்.

கதவு திறந்தது. "ஆற்காடு," என்றார் நடுவர். கத்தவில்லை. சாவுச் செய்தி சொல்கிற குரல்.

உள்ளே போனேன். எங்கள் மேசைமேல் வெள்ளை வெளேரென்று ஒரு கோட்டை. தெர்மாகோல். அதற்குள் எங்கள் சிப்பாய்கள், ஐஸ் பெட்டிக்குள் மீன்கள் போல.

"இன்னா இது?"

"அக்கா, கொஞ்சம் பொறுமையா கேளுங்க..." நடுவர் தரையைப் பார்த்தார்.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, அமைப்பாளர் ஒருவர் முன்னால் வந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நெறைய கம்ப்ளெயின்ட். க்ளோஸ்டு ஹால் பாருங்க. லேடீஸ், குழந்தைங்க எல்லாம் வர்றாங்க. அதான் நாங்களே வேற செவுரு குடுத்தோம். நீட்டா இருக்குல்ல?"

"நானும் லேடீஸ்தான்."

"இல்ல மேடம், உங்களுக்குப் பழகியிருக்கும்."

பழகியிருக்கும். அந்த ஒரு சொல்லை என்ன மரியாதையாகச் சொன்னார்! அவர் காலைப் பார்த்தேன். பழுப்பு ஷூ, நல்ல தையல். எங்கள் பக்கத்துப் பெண்கள் குனிந்து குனிந்து தைக்கிற தையல். காலில் போட்டால் மதிப்பு, இடுப்பில் கட்டினால் அழகு, மேசையில் வைத்தால் கம்ப்ளெயின்ட். இதைச் சென்னையில் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பேன். வேலூருக்கு வந்து, வேலூர்க் கோட்டையைப் பார்க்கத்தான் வந்தோம் என்று சொல்லி வந்து! நிஜ அகழியின் ஓரம் போய் நின்று பாருங்கள் ஐயா, பன்னீரா தெளித்து வைத்திருக்கிறது?

"எங்க மதில் எங்க?"

கழிவறைக்குப் போகும் வழியில், கறுப்புக் குப்பைப் பையில் இருந்தது. யாரோ வாயைச் சுருட்டிக் கட்டியும் இருந்தார்கள்.

"விடு தங்கச்சி, பேஜார் பண்ணாத," என்றார் பாய் மெல்ல. "வெளயாடத்தான வந்தோம்? வாசல் இன்னும் என் கையில. கொடி மேல இருக்கு. உன் குதிரைங்க லேட்டு. இன்னிக்கி எனக்கு சான்ஸ் ஜாஸ்தி." பிறகு, என் முகத்தைப் பார்த்து, சிரிக்கவைக்கப் பார்த்தார். "யோசிச்சிப் பாரு, எங்க சிப்பாய்ங்களும் தோல் வேணாம்னுதான சண்டைய ஆரம்பிச்சாங்க? இந்த ஹால்காரங்களும் அதான் சொல்றாங்க. மொத்தப் பேரும் எங்க கட்சி!"

அவர் மட்டும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பின்மேல்தான் கோபம் அதிகம் வந்தது. ஒன்றா இரண்டும்? அந்தச் சிப்பாய்களிடம் தோலைத் தலையில் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். எங்களிடம் அது கண்ணில் படவே கூடாது என்றார்கள். இரண்டு உத்தரவிலும், உத்தரவு போட்டவன் எதிரில் நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சிப்பாய்கள் எழுந்தார்கள். பாயோ உட்கார்ந்து, பகடையை எடுத்து என் பக்கம் நீட்டுகிறார்.

"நான் வரல," என்றேன்.

"இன்னா வரல?" என்றார் பாய்.

"ஆற்காட்ல இருந்து வரல. குதிரைங்க கெளம்பல. இந்தத் தெர்மாகோல உடைக்க என் படை வராது."

நடுவருக்குப் பெருமூச்சு வந்தது. சண்டை தீர்ந்தது என்று நினைத்தார் போலும். "அப்ப கோட்டை பாய்க்கு! பாய் ஜெயிச்சிட்டார்!" என்று கை தட்டினார். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கூடவே தட்டினார்கள்.

பாயின் முகம் மாறியது. மதிலைக் குப்பையில் போட்டபோது வராத கோபம்.

"இன்னாது, பிச்சையா? எத்தினி வருசமா காத்துக்கினு இருக்கேன், இப்பிடி வாங்கறதுக்கா? வா. அடி. தோத்தா தோக்கறேன்."

"அடிக்கறேன் பாய். உங்க செவுத்த வெச்சா அடிக்கறேன்."

பாய் பகடையை மேசையில் வைத்தார். எழுந்து போனார். குப்பைப் பையோடு திரும்பி வந்தார். அமைப்பாளர் பதறி, "சார், சார், உள்ள வேணாம் சார்," என்றார்.

"உள்ள இல்ல சார். நீங்க ஏசியில சௌக்கியமா இருங்க," என்றார் பாய். எங்களைப் பார்த்து, "தூக்குங்க, வெளிய போலாம்," என்றார்.

ஓட்டலின் காப்பித் தட்டுகளில் படைகளை ஏற்றினோம். முகப்பின் சிமெண்ட் தரையில் தோல் மதில்களை நிறுத்தினோம். காயில் சுற்றிப் பழகிய நடுவரின் கை, நின்ற ஆட்டத்தை அப்படியே இறக்கிவைத்தது. வெயில் வந்திருந்தது. ஈர மதில்களிலிருந்து மெல்ல ஆவி கிளம்பியது, நிஜமாகவே அங்கே ஏதோ எரிந்து அணைந்தது போல. குந்தி உட்கார்ந்து ஆடினோம்.

காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, கொலுவா?"

"அண்ணே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க," என்றார் நடுவர். "நீங்க நிக்கறது ஆற்காட்டு ரோடு. குதிரை வருது."

அவர் நிஜமாகவே நகர்ந்து நின்றார். அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

என் குதிரைகள் பீரங்கியை இழுத்து வந்தன. வாசலை உடைக்க ஆறு விழ வேண்டும். பொழுது ஏறுவதற்குள் மூன்று முறை உருட்டலாம். முதல் முறை இரண்டு. பாய் உதட்டைக் கடித்தார். அடுத்தது ஐந்து. "யா அல்லா," என்று தொடையைத் தட்டினார். கொடி மேலே இருந்தது. இத்தனை தூரம் அவர் வந்ததே இல்லை. பகடையைக் கைக்குள் வைத்துக்கொண்டு நான் அவரைப் பார்த்தேன்.

"என் மூஞ்சியப் பாக்காத," என்றார். "ஒழுங்கா போடு. கள்ளாட்டம் ஆடின, ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

ஒழுங்காகப் போட்டேன். ஆறு.

பாய் கொடியைத் தானே இறக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நல்லா அடிச்ச," என்றார். பஞ்சை எடுத்தார்.

உள்ளே, தெர்மாகோல் கோட்டை ஆளில்லாமல் அப்படியே நின்றது. அதைத்தான் படம் பிடித்தார்கள். எல்லோருக்கும் அனுப்பிய படங்களில் வேலூர்க் கோட்டை பால் மாதிரி இருக்கிறது. எந்த வாடையும் அடிக்காத, எவரும் பிடிக்காத, எவரும் இழக்காத கோட்டை. அடியில் எங்கள் சங்கத்தின் பெயரைப் போட்டு நன்றி வேறு.

மதில்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வேன் நெடுஞ்சாலையிலிருந்து ஆம்பூருக்குள் திரும்பியதும் குப்பென்று அடித்தது. இத்தனை வருடங்களில் முதல் தடவை. மூச்சை இழுத்துப் பிடித்தேன். என் தெரு, என் பள்ளிக்கூடம், என் சம்பளம், எல்லாவற்றின்மேலும் அது படிந்திருந்தது.

"பாய், உங்களுக்கு ஏதாவது வாடை வருதா?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நன்றாக மோந்து பார்த்தார். "இல்லியே. ஏன், எங்கனா பிரியாணி வாசனையா?"

"ஒண்ணுமில்ல பாய்."

மதில்கள் காய்ந்துவிட்டன. மாடியறையில் மரம் மாதிரி நிற்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் பாய் உள்ளே வாசலைக் காத்துக்கொண்டிருக்கிறார், நான் வெளியே படியில் டீயோடு காத்திருக்கிறேன். காற்று தோல் கிடங்குகளின் பக்கமிருந்து வரும்போது என் கை தானாக மூக்கை நோக்கிப் போகிறது. மண்டபத்தில் மதிலைத் தொட்ட விரலைப் பேண்ட்டில் துடைத்தவரின் கை அது. என் தோளில் எப்படி வந்து முளைத்தது என்று தெரியவில்லை. அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொள்கிறேன், உள்ளிருந்து கூப்பிடும்வரை.