ஒற்றர் எழுதிய ஜெபக்குறிப்பு

என் அக்கா புருஷனுக்கு வேலை பார்த்த இடத்தில் வைத்த பெயர் ஒற்றர். முப்பத்தாறு வருஷம் ஒரு தினசரிப் பத்திரிகையில் பிழை திருத்தினவர். க், ச், த், ப் என்று எந்த வரியில் எந்த ஒற்று விட்டுப்போயிருந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வேவு பார்க்கிறவனுக்கும் தமிழில் அதே பெயர்தான் என்பது மற்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். என் அத்தான் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் குடிக்கமாட்டார்.

அக்கா ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் ஊருக்கெல்லாம் சிஸ்டர்தான். அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. "ரிப்போர்ட் என்ன சொல்லுது சிஸ்டர்?" என்று கேட்கிற நோயாளியிடம், "சாப்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். சரியான கல்லுளிமங்கி. எதையும் துருவாமல் விடாதவருக்கும் எதையும் வெளியே விடாதவளுக்கும் முடிச்சுப் போட்டு வைத்தார் எங்கள் அப்பா. நாற்பது வருஷம் அது ஓடியதற்கு ஒரே காரணம், அவருக்கு எப்போதும் இரவு ஷிப்ட், இவளுக்குப் பகல் டியூட்டி. ஒருவர் எழுந்திருக்கிற நேரத்தில் இன்னொருவர் படுக்கப் போவார். இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகும் அவர் முன்னறையில் புத்தகத்தோடு, இவள் சமையலறையில் ரேடியோவோடு. வீட்டில் சண்டை கிடையாது. சண்டைக்கு வேண்டிய பேச்சும் கிடையாது.

அப்போதுதான் சபையில் ஓர் அறிவிப்பு வந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஒரு தமிழ்ச் சபைக்குப் பதினெட்டு மாதம் ஊழியம் செய்ய வயதான தம்பதிகள் தேவை என்றார்கள். அக்கா கையைத் தூக்கிவிட்டாள். "எதுக்கு நம்மளக் கூப்பிடுறாங்க? இதுல என்னமோ இருக்கு" என்றார் அத்தான். படிவத்தை மூன்று முறை படித்து, இரண்டு பிழையைத் திருத்தி, கையெழுத்தும் போட்டார். அவர் கிளம்பிப் போனதை என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

போன இடத்தில் ஒரு சலவைக் கடைக்கு மேல் இவர்களுக்கு ஓர் அறை, ஒரு சமையலறை. கீழே இயந்திரங்கள் சுற்றினால் மேலே கட்டில் நடுங்கும். காலை எட்டு மணிக்கு ஆலயத்துக்கு நடப்பார்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் போவது, இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு பாட்டிக்கு அக்கா காலைப் பிடித்துவிடுவது, அத்தான் அந்தம்மாவுக்கு வேதம் வாசிப்பது, மத்தியானம் வந்து குவிகிற பழைய துணிகளை ஆண், பெண், குழந்தை என்று பிரித்து மடிப்பது. இதுதான் நாள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம். ஊழியத்துக்கு வந்த தம்பதி எங்கே போனாலும் இருவராகத்தான் போக வேண்டும். இருவர் இருவராகத்தானே ஆண்டவரே சீஷர்களை அனுப்பினார் என்பது அவர்கள் கணக்கு. கடைக்குப் போனாலும் தபால் போடப் போனாலும் இரண்டு பேர். "குளியலறை ஒண்ணுதான் பாக்கி" என்று அத்தான் போனில் அலுத்துக்கொள்வார். குளியலறைக் கதவின் பின்னால் ஒரு காலண்டரை மாட்டி, தினமும் ஒரு நாளை அடித்துக்கொண்டே வந்தார்.

ஆலய வாசலில் ஜெபக்குறிப்புப் பெட்டி ஒன்று இருந்தது. யாருக்காக எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று எழுதி, பெயர் போடாமல் உள்ளே போடலாம். தினமும் காலையில் அதைத் திறப்பது இவர்கள் வேலை. ஒருநாள் இவர் வாசித்தால் அவள் ஜெபம் பண்ணுவாள், மறுநாள் மாறும். ஜெபம் முடிந்ததும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். யார் எழுதினார்கள் என்று யோசிக்கக்கூடாது. யோசிக்காமல் இருப்பதுதான் அத்தானுக்கு அந்த ஊழியத்திலேயே கஷ்டமான பகுதி.

பதினான்காவது மாதம் அவருக்கு மூக்கில் வேர்த்தது. அக்கா போனைக் கவிழ்த்து வைக்கிறாள். அவர் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவதற்குள் பாஸ்டர் அறைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறாள். ஒரு வியாழக்கிழமை, "நூல்கண்டு வாங்கிட்டு வந்திடறேன்" என்று சட்டத்தை மீறித் தனியாகப் போனவள் ஐம்பது நிமிஷம் கழித்துத் திரும்பினாள். நூல்கண்டு இரண்டு கடை தள்ளிக் கிடைக்கும். அன்று பாத்திரம் கழுவ ரவிக்கைக் கையை மேலே சுருட்டியபோது, முழங்கை மடிப்பில் வட்டமாக ஒரு பிளாஸ்டர் தெரிந்தது.

"இது என்ன?" என்று கேட்டார் அத்தான்.

"இடிச்சுக்கிட்டேன்" என்றாள் அக்கா. "டீ போடவா?"

அத்தான் மறுநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு எனக்குப் போன் பண்ணினார். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"இடிச்சுக்கிட்ட எடத்துல யாராவது அப்படி பிளாஸ்டர் போடுவாங்களா? அது ரத்தம் எடுத்த எடம். உங்க அக்காவுக்கு என்னமோ வந்திருக்கு. மறுபடியும் மறைக்கிறா."

மறுபடியும் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் அக்கா மார்பில் ஒரு கட்டியை எடுத்துக்கொண்டாள், தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே. நாலாம் நாள் டியூட்டிக்கும் போய்விட்டாள். ஒன்பது நாள் கழித்து, அதுவும் என் வாய் வழியாகத்தான் அத்தானுக்கு விஷயம் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு. நல்லவேளை, அது சாதாரணக் கட்டிதான். ஆனால் அந்த ஒன்பது நாளை அவர் மறக்கவே இல்லை.

நான் அக்காவைக் கூப்பிட்டு வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கு?" என்றாள். அவள் என் மூட்டுவலியை விசாரித்தவுடன் எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. பழைய கட்டிதான் திரும்ப வந்திருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அத்தானுக்கு அவளை நேரில் கேட்கத் தைரியமில்லை. கேட்டால் டீ போடப் போய்விடுவாள். அதனால் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? இடது கையால் ஒரு ஜெபக்குறிப்பு எழுதிப் பெட்டியில் போட்டார். மறுநாள் வாசிக்க வேண்டியவள் அக்கா. "தன் உடல்நிலையை மறைக்கிற ஒரு சகோதரியைக் குறித்து ஜெபிக்கவும். அவர் மனம் திறக்க வேண்டும்" என்று சத்தமாக வாசித்தாள். நடுவில் ஒரு நொடி நின்றாள். அத்தான் கண்ணை மூடி, அந்தச் சகோதரி யாரென்றே தெரியாதவர்போல் ஜெபம் பண்ணினார். கண்ணைத் திறந்து பார்த்தால், மற்ற சீட்டுகளெல்லாம் கிழிந்து கூடையில் கிடந்தன. அந்த ஒன்றை மட்டும் அக்கா மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கிழிக்கல. ஏன் கிழிக்கல?" என்று எனக்குப் போனில் மூச்சு வாங்கினார்.

"இனிமே அவகிட்ட மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்ல. பாஸ்டர்கிட்ட சொல்லுங்க அத்தான்" என்றேன் நான். இதை நான்தான் சொன்னேன். யார் மேலும் பழி போட முடியாது.

பாஸ்டருக்கு அத்தானின் வயசில் பாதிதான் இருக்கும். ரத்தப் பரிசோதனை என்று அத்தான் ஆரம்பித்ததும் அவர் முகம் மாறியது. மேஜை இழுப்பறையை ஒரு பார்வை பார்த்தார்.

"அது வந்து ஐயா... சிஸ்டரே உங்ககிட்ட சொல்லட்டும். நான் சொல்றது முறையில்ல" என்றார்.

போதாதா அத்தானுக்கு? எல்லோரும் கூட்டுச் சேர்ந்துதான் மறைக்கிறார்கள் என்று கொதித்துப்போனார். பழைய கட்டிக் கதையைச் சொன்னார். அந்நிய தேசத்தில் அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். பாஸ்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அந்தக் கட்டி விஷயத்தைச் சிஸ்டர் எங்கிட்ட சொல்லவே இல்ல. புருஷனே இப்படிச் சொல்றப்ப நான் சும்மா இருக்க முடியாது ஐயா. எழுத்துல குடுங்க. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிடறேன்."

அத்தான் அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். என் மனைவிக்கு இதற்கு முன்பும் கட்டி இருந்தது, அதை மறைத்தவர், இப்போதும் மறைக்கிறார், எங்களை உடனே ஊருக்குத் திருப்பி அனுப்புங்கள். இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவளைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலை, வாசிக்கிற முறை அத்தானுடையது. பெட்டியில் ஒரே ஒரு சீட்டு. ஆஸ்பத்திரிச் சார்ட்டில் எழுதுகிற அதே நெட்டைக் கையெழுத்து. மாற்றி எழுதக்கூட அக்கா மெனக்கெடவில்லை. அத்தான் பழக்கத்தில் சத்தமாகவே வாசிக்க ஆரம்பித்தார்.

"ஒற்றருடைய மனைவிக்காக ஜெபிக்கவும். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்க அனுமதி கேட்டிருக்கிறேன். அதற்குத்தான் ரத்தம் கொடுத்து உடல்நலச் சான்று வாங்கினேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. நாற்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் விழித்திருந்து ஒன்றாக நடந்தது இந்தப் பதினான்கு மாதம்தான். ஊருக்குப் போனால் அவர் முன்னறைக்குப் போய்விடுவார். காலண்டரில் அவர் நாளை அடிக்கிறதைப் பார்த்து, சொல்லப் பயமாக இருந்தது."

கடைசி வரியைக் கண்ணால்தான் படித்தார்.

"என் சீட்டு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். அவருக்கு அப்போது கேட்கத் தோன்றியது அதுதான், பாருங்கள்.

அக்கா கைப்பையைத் திறந்து பழைய சீட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். 'சகோதரியை குறித்து' என்று அவசரத்தில் எழுதிவிட்டு, நடுவில் கூரை மாதிரி ஒரு குறி போட்டு, ஓரத்தில் 'க்' எழுதி, அதைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தார். இடது கையால்.

"உலகத்துலயே ஜெபக்குறிப்புக்குப் புரூஃப் பாக்குற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றாள் அக்கா. சிரித்தாள் என்று அத்தான் சொன்னார். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லையாம். "நான் சாகக் கெடக்கேன்னு நெனச்சுட்டீங்களா? இன்னிக்கோ நாளைக்கோ பதில் வந்துடும். வந்தா உங்க கையெழுத்தும் வேணும். போடுவீங்களா?"

அவள் ஜெபம் பண்ணுவதற்காகக் கண்ணை மூடினாள். அவள் உதடு அசையத் தொடங்கியபோது இவர் அவள் கையைப் பிடித்தார்.

"கண்ணைத் தொற. நான் ஒரு லெட்டர் குடுத்திருக்கேன்" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வரி விடாமல் சொன்னார், அதில் மட்டும் மறைக்கத் தெரியாதவர்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்து, துணி மடிக்கிற அறைக்குப் போனாள். அன்று முழுக்கக் குழந்தைகள் துணியையே மடித்துக்கொண்டிருந்தாளாம்.

பதில் மறுநாள் வந்தது. நீட்டிப்பு கிடையாது. கணவரே எழுத்து மூலம் தெரிவித்திருப்பதால், மீதி நான்கு மாதத்தையும் ரத்து செய்து, சிகிச்சைக்காக உடனே ஊர் திரும்ப வேண்டும். பாஸ்டர் இழுப்பறையிலிருந்த உடல்நலச் சான்றை இணைத்து எழுதிப் பார்த்தார். அத்தானும் எழுதினார், என் சந்தேகம் தவறு என்று இரண்டு முறை எழுதினார். ஒருமுறை நோயை மறைத்தவர் என்று புருஷனே சொன்ன பிறகு எந்த அலுவலகம் கேட்கும்?

வந்துவிட்டார்கள். விமான நிலையத்தில் அக்காவைக் கட்டிப்பிடித்து, "நான்தான்கா பாஸ்டர்கிட்ட சொல்லச் சொன்னேன்" என்றேன். "தெரியும்" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அத்தான் சட்டை போட்டு, செருப்பு மாட்டி, வாசலில் வந்து நின்றிருக்கிறார். அக்காவும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "எங்க போறோம்?" என்று கேட்டிருக்கிறார். "நீங்க வர வேணாம். இங்கதான் அந்தச் சட்டம் இல்லையே" என்று சொல்லிவிட்டு அவள் தனியாகத் தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

ஒன்பதரைக்கு எனக்குப் போன் வந்தது. குழாய்ச் சத்தம் இல்லை.

"உங்க அக்கா உன்கிட்ட ஏதாவது சொல்லிட்டுப் போனாளா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்க போறேன்னு எங்கிட்டயும் சொல்லல அத்தான். சொல்லியிருந்தாலும் உங்களுக்குச் சொல்லமாட்டேன்."

"எங்கன்னு கேக்கலம்மா" என்றார். "எப்ப வருவேன்னு ஏதாவது சொன்னாளா?"

அதையும் அவள் சொல்லவில்லை என்றேன்.