பிரேக் அக்காவும் துவைத்த ரிமோட்டும்

அந்தப் பக்கம் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் இனிமேல் வாங்கப் போகிறவர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் கார் கற்றுக்கொடுக்கிற வண்டியில் பக்கத்து சீட்டுக்கு முன்னால் ஆசிரியருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அதில் எப்போதும் கால் வைத்தபடி உட்கார்ந்திருப்பதால் எல்லோருமாகச் சேர்ந்து இந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். முன்பு ஒரு மருந்துக்கடைக் கல்லாவில் இருந்தாள். நாளெல்லாம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது என்று அந்த வேலையை விட்டாள். இப்போது நாளெல்லாம் கார் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், இடுப்பு வாயே திறப்பதில்லை. பிடித்த வேலை என்றால் உடம்பும் ஒத்துழைக்கும் போலிருக்கிறது.

ஸ்டியரிங்கைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கிறவர்களைத்தான் அவள் தேடிப் பிடித்துச் சேர்ப்பாள். திட்டுவாள், நன்றாகவே திட்டுவாள். ஆனால் திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள், அடுத்த மாதம் லைசென்ஸோடு வந்து நிற்பார்கள். அவளிடம் படித்துத் தேறாத ஆள் ஒரே ஒருவர்தான். அது அவளுடைய மாமியார்.

சும்மா ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்று தடவையும் அதே இடம். சோதனை மைதானத்தில் ஒரு மேடு உண்டு. ஏறும்போது பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். அங்கே போனதும் மாமியார் கிளட்சைப் படாரென்று விடுவார், வண்டி இருமிவிட்டு அணையும். ஒரு தடவை அணைந்தால் மன்னிப்பு உண்டு, மறுபடி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். ஆனால் மாமியார் பதறிப்போய் அதையும் அணைப்பார், அதற்கடுத்ததையும் அணைப்பார். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறா, வீட்டு ஆளைப் பாஸ் பண்ண வைக்க முடியலயே" என்று தெருவில் கிசுகிசுத்தார்கள். பிரேக் அக்காவின் காதில் அது விழாமல் இல்லை.

அந்த இரண்டு பேருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருந்தது. காருக்குள் மாமியார் "டீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். கதவைச் சாத்திவிட்டு இறங்கிய நிமிஷத்திலிருந்து அவர் மாமியார், இவள் மருமகள். இதனால் வீட்டில் ஏதாவது மனஸ்தாபம் வந்தால் இவள் மெதுவாக, "அத்தை, ஒரு ரவுண்டு போலாமா?" என்பாள். அத்தைக்குப் புரிந்துவிடும். "எனக்கு இன்னிக்கு முட்டி வலி" என்று நழுவிவிடுவார்.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, மாமியாருக்கு அது விளையாட்டு இல்லை. வாழ்நாள் முழுக்க அந்த அம்மாள் எங்கே போனாலும் யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான். புடவை மாற்றி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தே பாதி ஆயுசு கழிந்துவிட்டது. முதலில் அப்பாவுக்காகக் காத்திருந்தார், பிறகு வீட்டுக்காரருக்காக, பிறகு மகனுக்காக. பல நாள் யாரும் வராமல் புடவையைத் திரும்ப மடித்து வைத்ததும் உண்டு. இதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. மருமகள் மட்டும் பார்த்து வைத்திருந்தாள். மாமியார் வண்டி பழகுவதற்கான அனுமதி அந்த வாரத்தோடு முடிகிறது. "இந்தத் தடவையும் இல்லன்னா இதோட விட்டுடறேம்மா. வயசான காலத்துல எதுக்கு இந்த மானக்கேடு" என்று மாமியார் சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலையில் தேர்வு.

அந்தத் தேர்வுக்கு முந்தின நாள்தான் மாமியார் ரிமோட்டைத் துவைத்தார்.

வேண்டுமென்று செய்யவில்லை. மனசு படபடவென்று இருந்தால் கண்ணில் படுகிற துணியையெல்லாம் வாஷிங் மெஷினில் போடுவது அவர் வழக்கம். தேர்வுக்கு முதல் நாள் என்றால் கேட்கவா வேண்டும். ஜன்னல் திரை, தலையணை உறை எல்லாம் போய், மருமகளின் கோட்டும் உள்ளே போயிற்று. கோட்டுப் பையில் ரிமோட். அந்தக் காருக்கு ஸ்டியரிங்கில் போட்டுத் திருகுகிற சாவியெல்லாம் கிடையாது. ரிமோட் பையில் இருந்தால் போதும், பட்டனை அமுக்கினால் கிளம்பிவிடும். ரிமோட் இல்லையென்றால் அது வெறும் தகரப் பெட்டிதான். இன்னொரு ரிமோட் இருந்தது. அதை ஒரு மாணவி தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளிநாட்டுக்கே குடிபோய்விட்டாள்.

வெளியே எடுத்தபோது ரிமோட் பளிச்சென்று இருந்தது, சோப்பு வாசனை கூட வந்தது, உயிர் மட்டும் இல்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தாள். தலைமுடி காயவைக்கும் மெஷினால் ஊதிப் பார்த்தாள். ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். கார் அசைந்து கொடுக்கவில்லை. கம்பெனி ஷோரூமுக்குப் போன் போட்டால், வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள், ரிமோட் வர மூன்று வாரமாகும் என்று தேன் ஒழுகும் குரலில் சொல்லி வைத்தார்கள். வேறு வண்டியில் போகலாம் என்றால், இந்த ஒரு காரின் கிளட்சோடு பழகவே மாமியாருக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

மாமியார் குளியலறை வாசலில் ஈரக் கையோடு நின்றார். "விடும்மா. எனக்கு எழுதி வச்சது அவ்வளவுதான்."

"நீங்க சும்மா இருங்க அத்தை. நான் இன்னும் விடல" என்றாள் பிரேக் அக்கா.

கடைத்தெரு முனையில் பூட்டுக்கடை வைத்திருந்தவரைப் பிடித்தாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கார்ச் சாவிக்கென்று சமீபத்தில்தான் ஒரு கருவி வாங்கியிருந்தார். அதைப் பற்றிப் பெருமையடிக்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த நேரம்.

"அக்கா, இது எனக்கு ஜுஜுபி. அந்த மாதிரி ரிமோட் கடையிலயே இருக்கு, பாருங்க, அச்சு அசல்."

அவள் தன் பழைய ரிமோட்டைப் பிளந்து, உள்தகட்டில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். அவர் கொடுத்ததிலும் பார்த்தாள். வெளியே அச்சு அசல்தான். உள்ளே எண் வேறு. "அண்ணே, இது அலைவரிசையே வேற. இதை வச்சு டிவியைக் கூட மாத்த முடியாது." அவர் அசடு வழிந்து, பின்பக்க அலமாரியைக் குடைந்து, சரியான எண்ணுள்ள ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்.

ரிமோட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் குட்டி இரும்புச் சாவியால் கார்க் கதவைத் திறந்து இருவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற துளையில் பூட்டுக்காரர் கருவியைச் செருகினார். பழைய ரிமோட்டுகளையெல்லாம் காரின் நினைவிலிருந்து அழித்துவிட்டு, புதியதைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, இவன்தான் இனி உன் ஆள் என்று அறிமுகப்படுத்த வேண்டும். முடிகிறவரை எந்தக் கதவையும் திறக்கக் கூடாது, திறந்தால் கார் திருடன் என்று முடிவு கட்டிவிடும். பழையது அழிந்தது. திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நகர்ந்து வந்தது. முக்கால் வாசி தாண்டியது.

அப்போதுதான் மாமியார் தட்டில் இரண்டு டம்ளர் தேநீரோடு வந்தார். தன்னால் வந்த வினை, பாவம் உழைக்கிறார்களே என்ற நல்லெண்ணம். உள்ளேயிருந்து இருவரும் கையை ஆட்டி, "திறக்காதீங்க! திறக்காதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கண்ணாடி ஏற்றியிருந்தது. அவருக்கு வாய் அசைவது மட்டும் தெரிந்தது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்காகக் கதவைத் திறந்தார்.

"என்னம்மா, சர்க்கரை வேணுமா?"

காரின் விளக்குகள் மொத்தமாக அணைந்தன. பழைய ரிமோட்டும் இல்லை, புது ரிமோட்டும் இல்லை. உலகத்தில் எந்தச் சாவிக்கும் கட்டுப்படாத காராக அது ஆகிவிட்டது. பூட்டுக்காரர் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பிரேக் அக்கா காருக்குள் இருந்தாள், ஒப்பந்தப்படி தாராளமாகத் திட்டலாம். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். தட்டை நீட்டியபடி அவர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார். அவளுக்குத் திட்டவே வரவில்லை.

"சர்க்கரை சரியா இருக்கு அத்தை. உள்ள வந்து உக்காருங்க. இனிமே நீங்க வெளிய இருந்தாத்தான் ஆபத்து."

கார் கோபம் தணிகிறவரை காத்திருக்க வேண்டும் என்றது கருவி. மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு தேநீர் குடித்தார்கள். மாமியார் பின் சீட்டில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, தும்மல் வந்தால் கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். கோடு நகர்ந்தது, நின்றது, இவர்கள் மூச்சும் நின்றது, மறுபடி நகர்ந்தது. திடீரென்று முன்விளக்கு இரண்டும் பளிச் பளிச்சென்று கண்ணடித்தன. பிரேக் அக்கா கிளட்சை மிதித்துப் பட்டனை அமுக்கினாள். கார் உறுமியது.

பூட்டுக்காரர் கைதட்டினார். மாமியார் புது ரிமோட்டை வாங்கி, பூட்டினார், திறந்தார், பூட்டினார், திறந்தார். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஆள் எட்டிப் பார்க்கும் வரை விடவில்லை. பிரேக் அக்கா அன்றைக்குச் சிரித்த மாதிரி சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. பூட்டுக்காரர் மட்டும் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "வண்டி பேட்டரி இன்னிக்கு ரொம்பத் தேஞ்சு போச்சுக்கா. நாளைக்குக் காலையில கிளப்பினா, தேர்வு முடியற வரைக்கும் இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க."

அவர் சொன்னதை அவள் அப்படியே செய்தாள். காலையில் மைதானம் வரைக்கும் அவளே ஓட்டிப் போனாள், இன்ஜின் ஓட ஓடவே இறங்கினாள். மாமியார் டிரைவர் சீட்டுக்கு மாறினார். தேர்வு அதிகாரி பக்கத்தில் ஏறினார். கார் எதற்கோ பீப் பீப் என்றது. அதிகாரி தன் பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டார். மாமியார் முகம் வெளுத்திருந்தது, ஆனால் கார் அழகாகக் கிளம்பிப் போயிற்று.

முதல் வளைவு தாண்டியது. குளிராக இருக்கிறதே என்று பிரேக் அக்கா கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். உள்ளே ரிமோட் இருந்தது.

அதை இறுக்கிப் பிடித்தபடி காரைப் பார்த்தாள். ஓடுகிற இன்ஜின் ரிமோட் இல்லாமலே ஓடும், அதில் தகராறு இல்லை. ஆனால் ஒரு தடவை அணைந்ததோ, பட்டனை எத்தனை அமுக்கினாலும் கிளம்பாது. இவ்வளவு பாடுபட்டு உயிர் கொடுத்த ரிமோட்டை, எத்தனையோ வருஷப் பழக்கத்தில் தன் பையிலேயே போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறாள். மைதானத்துக்குள் ஆசிரியர் கால் வைத்தால் தேர்வு ரத்து. கூப்பிடவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கார் மேட்டில் ஏறியது. பாதியில் நின்றது. மூன்று தடவை மூச்சடைத்த அதே இடம். பின்சக்கரம் கடுகளவு பின்னால் உருண்டது போலத் தெரிந்தது. வண்டி ஒரு முறை நடுங்கியது. "அத்தை, மெதுவா, மெதுவா" என்று யாருக்கும் கேட்காமல் முணுமுணுத்தாள். இன்ஜின் சத்தம் கொஞ்சம் உயர்ந்தது. கார் நிதானமாக, அவசரமே இல்லாமல், மேட்டின் உச்சிக்கு ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

திரும்பி வந்து நின்றதும் அதிகாரி கீழே இறங்கி, "பாஸ்மா. இனிமே இன்ஜினை ஆஃப் பண்ணிக்கலாம்" என்றார்.

"ஆஃப் பண்ண மாட்டேங்க" என்றார் மாமியார். அதிகாரி ஒன்றும் புரியாமல் அடுத்த வண்டிக்குப் போனார்.

பிரேக் அக்கா ஓடி வந்தாள். கண்ணெல்லாம் நீர். "அத்தை, மன்னிச்சிடுங்க, ரிமோட் என் பையில…"

"தெரியுமே. கிளம்பினதும் சாவியைக் காணோம்னு இங்க ஸ்டியரிங்குக்கு முன்னால எழுதிக் காட்டிடுச்சு."

"தெரிஞ்சுமா ஓட்டினீங்க? பயமா இல்லையா?"

"பயந்து ஒரு வருஷமா அணைச்சுக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு அணைச்சா அவ்வளவுதான்னு தெரிஞ்சுது. அப்புறம் எப்படி அணைப்பேன்?"

பிரேக் அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மாமியார் எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறிக்கோம்மா. எங்க போகணும் சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்."