டாப்பெட் பார்க்கும் விரல்கள்

எனக்கு ஐம்பத்தாறு வயது, என் புல்லட்டுக்கு முப்பத்தெட்டு. இதில் யார் முதலில் படுக்கப்போகிறோம் என்று வீட்டில் எப்போதும் கேலிதான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் நானில்லை, ஷரீஃப் பாய்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் அவருடைய ஒற்றை ஷட்டர் மெக்கானிக் கடை. பின்னால் ஒரு தடுப்பு, அதற்குப் பின்னால் வீடு. பதினாறு வயதில் ஸ்பேனர் பிடித்தவர், இப்போது அறுபதை நெருங்குகிறார். ஒரே மகள் மஹ்விஷை ஆம்பூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. டீயில் சர்க்கரை போடாதே என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்வார், கூடவே ஒரு பன் பட்டர் ஜாமும் கேட்பார். மனைவி அஸ்மத்துன்னிசா ரவிக்கைகளுக்கு ஆரி ஊசியால் பூவேலை செய்து கொடுப்பவர். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அந்த அம்மா என்னிடம் பேசியது பத்து வார்த்தை இருக்கும்.

பாயின் பெயர் நிலைத்தது டாப்பெட்டில்தான். இந்தப் பழைய எஞ்சினில் வால்வைத் தூக்கிவிட இரண்டு கம்பிகள் உண்டு. அவை இறுகிப்போனால், எஞ்சின் சூடானதும் வால்வு சரியாக மூடாது, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். தளர்ந்துபோனால் கடகடவென்று தெருமுனை வரைக்கும் கேட்கும். வேறு வண்டிகளில் இடைவெளியை அளக்க மெல்லிய தகடு இருக்கிறது. இதில் அது உதவாது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, இரண்டு விரலால் கம்பியைப் பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். லேசாக உருள வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இதைத்தான் டாப்பெட் பார்ப்பது என்போம். அதுவும் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான். அதனால் சாயங்காலமே வண்டியை விட்டுவிட வேண்டும், காலையில்தான் பாய் கை வைப்பார். ஆபீஸுக்கு நேரமாகிறது, இப்போதே பாருங்கள் என்று நான் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். “சூடா கீற வண்டியத் தொட மாட்டேன் சார்,” என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

போன மே மாதம் டாப்பெட் பார்த்து வாங்கிய மூன்றாம் நாள், கோட்டூர்புரம் பாலத்தின் மேல் வண்டி நின்றது. மதியம் ஒரு மணி. எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. அந்தக் கனத்தைத் தள்ளிக்கொண்டு பாலத்திலிருந்து இறங்கும்போது எனக்கே நெஞ்சு நின்றுவிடும்போல் இருந்தது. பாய் பார்த்துவிட்டு, “கொஞ்சம் டைட்டா இருந்துச்சு சார்,” என்று சரிசெய்து கொடுத்தார். பத்தே நாள். அடையாறு சிக்னலில் மறுபடியும் நின்றது, பின்னால் ஒரு பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அது ஊரறிந்தது. நேராகக் கடைக்குப் போய், வேறு இரண்டு பேர் நின்றுகொண்டிருக்கும்போதே கத்தினேன்.

“என்ன பாய், கை போயிடுச்சா உங்களுக்கு?”

அவர் நிமிரவில்லை. “அடுத்த வாரம் விடுங்க சார், நல்லா பாத்துத் தரேன்,” என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் லஸ் பக்கம் ஒரு டீக்கடையில் பழைய புல்லட்காரர்கள் நாலு பேர் கூடுவோம். நாலு பேருக்கும் பாய்தான் மெக்கானிக். அங்கே போய், பாய்க்குக் கை போய்விட்டது, இனி அவரிடம் வண்டியைக் கொடுத்தால் அவ்வளவுதான் என்று சொன்னேன்.

“நானே நெனைச்சிண்டிருந்தேன்டா,” என்றான் அம்பி. நான் சொல்லும்வரை அவன் எதையும் நினைத்திருக்கவில்லை. அடுத்த நாளே வண்டியை ஆதம்பாக்கத்தில் வேறு ஒருவரிடம் கொண்டுபோனான். மற்ற இருவரும் அவன் பின்னாலேயே போனார்கள். நான் மட்டும் ஏன் போகவில்லை என்றால், என் வண்டி ஆதம்பாக்கம் வரைக்கும் போகாது.

அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் வண்டியைப் பாய் கடையில் விட்டேன். மறுநாள் சீக்கிரமே ஆபீஸ் போக வேண்டியிருந்ததால், எப்போதும் எட்டு மணிக்குப் போகிறவன் ஆறரைக்கே போய்விட்டேன். ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. குனிந்து பார்த்தேன்.

என் வண்டியின் பக்கத்தில் அஸ்மத்துன்னிசா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எஞ்சினுக்குள் இரண்டு விரலை விட்டுக் கம்பியை உருட்டிக்கொண்டிருந்தார். எதிரில் பாய் இரண்டு ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் புடிக்குது. கொஞ்சூண்டு விடுங்க,” என்றார் அந்த அம்மா.

பாய் ஸ்பேனரைத் துளி திருப்பினார்.

“இப்ப ஆடுது. ஜாஸ்தியாப் பூட்ச்சு.”

பாய் மறுபடி திருப்பினார். அப்போதுதான் என் காலைப் பார்த்தார். ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது.

உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன். பாயே சொன்னார்.

“ஆறு மாசமா விரல் மரத்துப் போச்சு சார். சட்டைக்குப் பட்டன் போடக்கூடக் கண்ணால பாக்கணும். டாக்டர் சக்கரைதான்னாரு. ஸ்பேனர் புடிப்பேன், இன்ஜின எறக்குவேன், எல்லாம் செய்வேன். இந்தக் கம்பி மட்டும் தெரிய மாட்டேங்குது. அது உருளுதா, என் கை வழுக்குதான்னே புரியல. அதான் இவளக் கூப்ட்டேன். ஊசி புடிக்கிற கை, சட்டுனு சொல்லிடுது.”

அந்த அம்மா எழுந்து ஒரு கிண்ணத்தில் விரல்களைச் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். உள்ளே மரச்சட்டத்தில் வெள்ளைப் பட்டு ரவிக்கைத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. அதில் ஒரு துளி ஆயில் பட்டால் போச்சு.

என்னால் உட்கார முடியவில்லை. கடையில் என் வண்டியைத் தவிர வேறு வண்டி இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

“பாய், நான்தான் சொன்னேன். அம்பிகிட்ட, மத்தவங்ககிட்ட. உங்களுக்குக் கை போயிடுச்சுன்னு.”

“தெரியும் சார். அம்பி சார் போன்ல சொன்னாரு.” பாய் கீழே விழுந்த ஸ்பேனரை எடுத்துத் துணியில் துடைத்தார். “பரவால்ல வுடுங்க. நீங்க ஒண்ணும் பொய் சொல்லலியே.”

தெரிந்துதான் என் வண்டியை வாங்கி வைத்திருக்கிறார். நாலு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கை கழுவிக்கொண்டிருந்த அஸ்மத்துன்னிசா திரும்பினார்.

“பொய் இல்லன்னா ஆச்சா? இருவத்திரண்டு வருசம் உங்க வண்டி நிக்காம ஓடுச்சே சார். அத யார்கிட்டனா போய்ச் சொல்லிக்கீறீங்களா?”

“சும்மா இரு,” என்றார் பாய்.

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. ஈரக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பதில் வரட்டும் என்று.

“இல்லைம்மா,” என்றேன்.