ஆறாம் வட்டத்தில் பதினான்கு தடங்கள்

எங்கள் கிளப்பில் பந்து விளையாடத் தெரிந்தவர்கள் இருபது பேர் இருந்தார்கள். புல் வளர்க்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். பெயர் முனியாயி, ஊர் ராசிங்காபுரம்.

கிளப் இருந்தது போடிமெட்டுக்கும் மேலே, குளிர் வந்து தேங்கி நிற்கும் ஒரு பள்ளத்தில். ஏலத்தோட்டத் துரைமார் சனி, ஞாயிறுகளில் கூடி, ஒரு வெள்ளைப் பந்தைக் கம்பால் அடித்து ஆறு குழிகளில் ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். இதற்காக அரை நாள் நடப்பார்கள். குழியைச் சுற்றி மட்டும் புல் பாய் விரித்ததுபோல வழுவழுப்பாக இருக்க வேண்டும். அதை நாங்கள் வட்டம் என்போம். சுந்தரராஜ் என்கிற நான் அங்கே ரைட்டர். போடி கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம் செய்துவந்த என் அப்பா, இவனுக்குக் கடை சரிப்படாது என்று என்னை மலையேற்றிவிட்டார். செகரட்டரி துரை பேசுவதைத் தமிழிலும் ஆட்கள் பேசுவதை இங்கிலீஷிலும் சொல்வது என் வேலை.

முனியாயி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்றில் கணவர் சீனிச்சாமியோடு ஜீப்பில் ஏறி ஏலப்பழம் பறிக்க வந்தவள். கிளப்பில் களை எடுக்க ஆள் குறையவே இங்கே வந்துவிட்டாள். வந்த முதல் மார்கழியில், விறகுக்குப் போகிற அவசரத்தில் விடிகாலையில் ஒரு வட்டத்தைக் கடந்து நடந்திருக்கிறாள். மறுநாள் பார்த்தால் அவள் கால் பட்ட இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது. உறைபனி பிடித்த புல்லை மிதித்தால் அது முறிந்து கருகிவிடும் என்று அவள் கண்டுகொண்டது அப்படித்தான். அந்தப் பனிக்காலத்தில் ஆறில் நான்கு வட்டங்கள் தீய்ந்து, துரைமார் செம்மண்ணில் பந்து உருட்டினார்கள்.

அடுத்த ஐப்பசியில் அவள் என்னை இழுத்துக்கொண்டு துரையிடம் போனாள். மழை விட்டதும் உரத்தை நிறுத்த வேண்டும், தண்ணீர் தேங்காமல் கம்பியால் குத்திவிட வேண்டும், ஆற்று மணலும் மக்கிய இலையும் சலித்துத் தூவ வேண்டும், தை வரைக்கும் புல்லை ஒட்ட வெட்டக் கூடாது என்றாள். கடைசி விஷயத்துக்குத் துரை முகம் சுளித்தார். தலையை மொட்டையடித்துக்கொண்டு மார்கழிக் குளிரில் நிற்கச் சொன்னால் துரை நிற்பாரா என்று கேட்கச் சொன்னாள். நான் அதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. எனக்கும் வேலை வேண்டுமே.

துரை நல்ல மனிதர்தான், பந்து விஷயத்தில் மட்டும் பைத்தியம். தை பிறந்த முதல் சனிக்கிழமை பெரிய பந்தயம். அன்றைக்கு ஆறு வட்டமும் பச்சையாக இருந்தால் நீதான் புல் மேஸ்திரி என்றார். அதுவரை அந்த மலையில் பெண் மேஸ்திரி என்று ஒருத்தி கிடையாது. ஆட்கள் குடியிருந்த லயத்தில் சிரித்தவர்கள் உண்டு. முனியாயி சிரிக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை என்று சீனிச்சாமி சொன்னார். அவளுக்கு அந்த வேலை அவ்வளவு வேண்டியிருந்தது.

களை எடுக்கிற ஆட்களை அவளுக்குக் கீழே விட்டார் துரை, மார்கழி முழுக்க வேலை நடந்தது. காட்டுப் பெரணியை அறுத்துப் படல் கட்டி, சாயங்காலம் வட்டங்களை மூடி, வெயில் ஏறியதும் திறந்தார்கள். பெரணி ஐந்து வட்டங்களுக்குத்தான் காணும். ஆறாவது வட்டத்தின் புல்லை மட்டும் இன்னும் ஒரு நகம் உயரமாக விட்டு, யாரும் மிதிக்காமல் இருந்தால் அதுவாகவே பிழைத்துக்கொள்ளும் என்றாள். வெயில் ஏறும்வரை எந்த வட்டத்திலும் ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. அதை எழுதி ஒட்டியவனே நான்தான்.

எழுதினேனே தவிர நம்பவில்லை. இன்டர்மீடியட் வரை படித்தவனல்லவா நான். பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது. வேதக்கோயிலுக்குச் சுற்றிப் போனால் கால் மணி, ஆறாவது வட்டத்தைக் கடந்தால் ரெண்டே நிமிஷம். புல் வெள்ளைவெளேரென்று மின்னிக்கொண்டிருந்தது. பூட்ஸுக்கு அடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம் கேட்டது, அதுவும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஜெபத்துக்குப் போகிற வழியிலேயே பாவம் செய்த ஆள் அந்தச் சபையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை மத்தியானம் துரை கூப்பிட்டார். வட்டத்தின் நடுவே பதினான்கு கறுப்புத் தடங்கள் வரிசையாகக் கிடந்தன. ஓரம் கலைந்து, செருப்புக்கால் எது வெறுங்கால் எது என்று சொல்ல முடியாமல் இருந்தன. முனியாயியின் ஆட்களில் ஒருவர்தான் நடந்திருக்க வேண்டும், ஆளை அடக்கத் தெரியாதவளுக்கு மேஸ்திரி வேலை எதற்கு, சனிக்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் அவள் மூட்டை கட்டிக்கொண்டு கீழே போகலாம் என்று துரை சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் அதைத் தமிழில் சொன்னேன். சொல்ல வேண்டிய வேறொன்றை எந்தப் பாஷையிலும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

முனியாயி தடங்களை ஒருமுறை நீளமாகப் பார்த்தாள். இன்னும் அஞ்சு நாள் இருக்கிறது என்று துரையிடம் சொல்லச் சொன்னாள், அவ்வளவுதான்.

சாமான் கொட்டகைக்குப் பின்னால் அவள் ஆடி மாதமே ஒரு நாற்றங்கால் போட்டிருந்தது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. நெல் நாற்றுப் போட்ட பழக்கத்தில், வெட்டியெறிந்த புல்வேர்களைப் பொறுக்கி ஊன்றி, ஒரு பாய் அளவுக்கு வளர்த்திருந்தாள். அதைப் பத்தை பத்தையாக அரிவாளால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"அக்கா, அது நான்தான்."

அதுவரை அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன். அவள் அரிவாளை நிறுத்தவில்லை.

"தெரியும் தம்பி. தடம் நேரா வேதக்கோயிலப் பாத்துல போகுது. ஞாயித்துக்கெழம நேரங்கழிச்சு ஓடுற ஆளு இங்க யாரு?"

பிறகு ஏன் துரையிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது கோள். நீங்களா வந்து சொல்றீகளான்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அப்படியே துரையின் பங்களாவுக்கு நடந்தேன். என்னை வேலையைவிட்டு எடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். துரை சுருட்டை அணைத்தார். பிறகு, சனிக்கிழமை வரை நீ முனியாயிக்குக் கீழே வேலை பார், அவள் சொன்னபடி செய் என்று மட்டும் சொன்னார்.

செய்தேன். கறுத்த தடத்தை அதே அளவில் வெட்டியெடுத்து, நாற்றங்கால் பத்தையை வைத்து, உள்ளங்கையால் அமுக்கி, மணல் தூவ வேண்டும். முட்டி போட்டே பதினான்கு தடங்களையும் முடித்தேன். ரைட்டர் மண்ணில் உருளுவதைப் பார்க்க லயமே திரண்டு வந்தது. சாயங்காலமானால் ஐந்தாம் வட்டத்துப் படலில் பாதியைக் கொண்டுவந்து ஆறாவதில் வைத்த பத்தைகளை மூடினோம். பொங்கலுக்குக் கீழே இறங்க வேண்டிய ஜீப்பைக் காலியாகவே அனுப்பிவிட்டு, எல்லோரும் கொட்டகை வாசலிலேயே பானை வைத்தார்கள். பால் பொங்கியபோது முனியாயியின் குலவைதான் பெரிதாகக் கேட்டது. அவ்வளவு ருசியான பொங்கலை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

சனிக்கிழமை ஆறு வட்டமும் பச்சை. உற்றுப் பார்த்தால் மட்டும் ஆறாவதில் பதினான்கு பத்தைகள் கொஞ்சம் கூடுதல் பச்சையாகத் தெரிந்தன. பந்தயத்தில் துரை தோற்றுப்போனார், ஆனாலும் வெயில் ஏறுவதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களையெல்லாம் ஆறாம் வட்டத்தருகே கூப்பிட்டு நிறுத்தினார். இன்றுமுதல் முனியாயி மேஸ்திரி, புல் விஷயத்தில் தன்னையும் சேர்த்து எல்லோரும் அவள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றார். அதை நான் தமிழில் இரண்டு தடவை சொன்னேன். சீனிச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சந்தோஷம் தாங்காமல், அக்காவுக்குக் கும்பிடு போட வட்டத்தைக் குறுக்கே கடக்கப் போனேன்.

"நில்லுங்க தம்பி," என்றாள் மேஸ்திரி. "சுத்தி வாங்க."

அதுதான் அவள் போட்ட முதல் உத்தரவு. நான் சுற்றித்தான் போனேன். துரையும் என் பின்னாலேயே சுற்றி வந்தார்.